வெண்பனியால் ஆகிய வீடு

பனி என்னும் சொல் தமிழிற் பல பொருள் தருவது. மார்கழி வைகறையிற் புல்நுனியிலே திரண்டு நிற்கும் துளியும் பனி; மலைச்சாரலை மறைக்கும் மென்படலமும் பனி; நுவரெலியாவிற் சில தைமாதக் காலைகளிற் புற்றரையை வெளுக்கச் செய்யும் உறைவும் பனி. இவற்றுள் எதுவும் வீடு கட்ட உதவுவதன்று. பூமியின் வடகோடியிலும் தென்கோடியிலும், உயர்ந்த மலைநாடுகளிலும் வானிலிருந்து பஞ்சுபோற் பொழிந்து, ஆளுயரத்துக்குக் குவிந்து, மாதக்கணக்கில் உருகாது கிடக்கும் வெண்பனியோ வேறோர் இயல்பினது. அதனை வெட்டலாம், அடுக்கலாம், குடையலாம், குடைந்த இடத்திலே விளக்கேற்றி வைத்து உறங்கவும் செய்யலாம்.

குளிர்காலம் வந்ததும் கனடா, நோர்வே, பின்லாந்து முதலிய நாடுகளில் இளைஞர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, முதுகிலே சுமையும் கையிலே சவளும் கொண்டு காட்டுக்கும் மலைக்கும் புறப்படுகின்றனர். பகலெல்லாம் பாடுபட்டுப் பனியால் ஒரு குடில் அமைத்து, இரவை அதனுள்ளே கழித்து, மறுநாள் வீடு திரும்புகின்றனர். அந்நாடுகளிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று அவ்விளைஞர் கூட்டத்திற் சேரும் வாய்ப்புடையர். இங்குள்ள பாட்டிமார் இச்செய்தியைக் கேட்டால், பனிக்குள்ளே போய்ப் படுப்பதா என்று திடுக்கிடுவர். அவர்தம் அச்சம் இயல்பானதே. குளிர்ந்த பொருளொன்று குளிரைத் தடுப்பது எங்ஙனம் என்பது எவருக்கும் எழும் வினாவாகும்.

அதற்கான விடை பனியின் அமைப்பிலே உள்ளது. புதிதாகப் பெய்த வெண்பனியை ஒரு பாத்திரத்தில் 10 அங்குல உயரத்துக்கு நிரப்பி உருக்கினால், ஏறக்குறைய ஓர் அங்குல நீரே எஞ்சும். எனவே, அப்பனியிலே பத்தில் ஒன்பது பங்கு வெறுங்காற்று என்பது தெளிவாகும். இக்காற்று நுண்ணிய பனித்துகள்களுக்கு இடையே சிறைப்பட்டு அசையாது நிற்கின்றது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். கம்பளியும் பறவையின் இறகும் உடலுக்குச் சூடு தருவதற்குக் காரணம் யாதோ, அதுவே இங்கும் காரணம். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கிய வெப்பம் ஓடிப்போகாமற் காக்கின்றது. பனிச்சுவரும் அத்தொழிலையே செய்கின்றது. காற்று நீங்கி இறுகிப்போன பனிக்கட்டியோ இத்தன்மையை இழந்துவிடுகின்றது. ஆகவே, பனிவீடு கட்டுவோர் கட்டியை நாடாது வெண்பனியையே நாடுவர்.

இவ்வுண்மையை மனிதர் அறியுமுன்னரே விலங்குகள் அறிந்திருந்தன. துருவக் கரடியிற் கருவுற்ற பெண், குளிர்கால முற்பகுதியிற் பனிக்குவியலைக் குடைந்து அறை அமைத்து, அதனுள்ளேயே குட்டி ஈனுகின்றது. வடபுலத்துக் காட்டுக் கோழியினங்கள் சில, இரவுப் பொழுதைப் பனிக்குள் மூழ்கிக் கழிக்கின்றன. தடித்த பனிப்போர்வையின் கீழுள்ள நிலம், மேலே காற்று எத்துணைக் கடுமையாய் இருப்பினும், உறைநிலையை ஒட்டியே நிற்பதுண்டு. சிற்றெலியினங்கள் அப்போர்வையின் அடியிலே வழி அமைத்துக் குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன.

பனியால் வீடு கட்டுவதைக் கலையாக வளர்த்தவர் கனடாவின் வடபாகத்து இனுயிட் மக்களாவர். அவர்கள் மொழியில் இக்ளு என்னும் சொல் எவ்வகை வீட்டையும் குறிக்கும். இனுயிட் மக்கள் அனைவரும் எக்காலத்தும் பனிவீடுகளிலே வாழ்ந்தனர் என்று எண்ணுவது பிழை. அலாஸ்காவிலும் கிறீன்லாந்திலும் வாழ்ந்தோரிற் பெரும்பாலார் கல், புற்பத்தை, திமிங்கில எலும்பு, மிதந்து வந்த மரம் என்பவற்றால் வீடமைத்தனர். கனடாவின் நடு ஆட்டிக்குப் பகுதியில் வாழ்ந்தோரே குளிர்கால வாழ்வுக்குப் பனிவீட்டைப் பெரிதும் நம்பியிருந்தனர். ஏனையோர்க்கு அது வேட்டைப் பயணத்தின்போது ஓரிரவு தங்கும் சாவடியாகவே பயன்பட்டது.

இக்ளு அமைப்போன் முதலிலே தக்க பனியைத் தேர்கின்றான். காற்றினால் இறுக்கப்பட்டதும், ஒரே புயலிற் படிந்ததுமான பனியே வேண்டும். படைபடையாகப் படிந்த பனியை வெட்டினாற் கல் பிளவுபடும். மெல்லிய கோலைக் குத்தி, அது இறங்கும் தன்மையைக் கொண்டே பனியின் தகுதியை அவன் அறிகின்றான். பின்னர் நீண்ட கத்தியால், செங்கல்லினும் பன்மடங்கு பெரிய கற்களை வெட்டி வட்டமாக அடுக்குகின்றான். முதல் வரிசை முடிந்ததும் அதன் மேற்பாகத்தை ஓரிடத்திலிருந்து சாய்வாகச் சீவிவிடுகின்றான். அச்சாய்விலிருந்து தொடங்கும் அடுத்த வரிசை, சங்கின் புரிபோலச் சுற்றிச் சுற்றி உயர்ந்து செல்லும். ஒவ்வொரு கல்லும் சற்றே உட்புறம் சாய்ந்து, கீழுள்ள கல்லையும் பக்கத்துக் கல்லையும் பற்றி நிற்கும். இதனாற் சாரமோ தூணோ இன்றிக் கூரை எழும்புகின்றது. கட்டுவோன் உள்ளேயே நிற்கின்றான். துணைவர் வெளியே நின்று இடுக்குகளைத் தூட்பனியால் அடைக்கின்றனர். உச்சியிலே கடைசிக் கல்லைப் பொருத்தியதும் வீடு முடிகின்றது. கைதேர்ந்தோர் இதனை ஓரிரு மணி நேரத்திற் செய்து முடிப்பர்.

பின்னர்க் கடல்நாயின் கொழுப்பெண்ணெய் வார்த்த கல்விளக்கை உள்ளே ஏற்றுவர். சுவரின் உட்பரப்பு சிறிதே உருகி மீண்டும் உறையும்போது, கற்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே ஓடுபோலாகின்றன. வெளியே உறைநிலைக்குக் கீழ் 30 பாகை, 40 பாகையாகக் குளிர் கடுகினும், உள்ளே அது உறைநிலையை அண்மியே நிற்கும். வீசும் காற்று சிறிதும் உட்புகாது என்பதே எல்லாவற்றினும் பெரிய ஆறுதலாகும்.

இக்ளுவுக்குத் தக்க பனியும் வேண்டும்; பழகிய கையும் வேண்டும். காட்டுப் புறங்களிற் பனி தூளாகவே கிடக்கும். கல்லாக வெட்ட வாராது. அங்கே நண்பர் குழுவினர் கையாளும் முறை வேறு. வடகனடாவின் பழங்குடியினர் வழக்கிலிருந்து பரவிய பெயரால் அதனைக் குவின்சி என்பர். பனியை மலைபோற் குவித்து, இறுகவிட்டு, உள்ளே குடைவதே அதன் சாரம். எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலாவது இடத்தேர்வு. பனிச்சரிவு இறங்கக்கூடிய மலைச்சாய்வின் அடியிலோ, பனிச்சுமை தாங்கிய மரக்கிளையின் கீழோ வீடு அமைத்தலாகாது. உறைந்த ஏரியின் விளிம்பும் ஏற்றதன்று. இடத்தைத் தெரிந்தபின், சுமார் 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் உயரமும் உள்ள குவியலாகப் பனியை வாரிப் போடுகின்றனர். மூவர் நால்வர் படுக்க இது போதும். மேலே கிடந்த பனியும் அடியிற் கிடந்த பனியும் கலந்து விழுமாறு எறிவது நன்று. வெவ்வேறு குளிர்நிலையிலுள்ள துகள்கள் கலக்கும்போது அவை ஒன்றையொன்று விரைந்து பற்றிக்கொள்கின்றன.

இரண்டாவது பொறுமை. குவித்த பனியை உடனே குடையத் தொடங்கினால் அது சரிந்துவிடும். குறைந்தது ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது அதனை வாளா விடவேண்டும். அவ்வேளையிற் பனித்துகள்கள் தொடும் இடங்களிலெல்லாம் நுண்ணிய இணைப்புக்கள் வளர்கின்றன. உருகாமலே இவ்விணைப்பு நிகழ்வது பனியின் சிறப்பியல்பு. காத்திருத்தல் இளைஞர்க்கு அரிது. அனுபவமுள்ள தலைவன் அந்த நேரத்தில் விறகு சேர்க்கவும், சூடான உணவு ஆக்கவும், வியர்வையில் நனைந்த உள்ளாடையை மாற்றவும் தன் குழுவினரை ஏவுவான்.

மூன்றாவது அளவு. சுமார் 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள குச்சிகள் பலவற்றை வெட்டி, குவியலின் மேலெங்கும் உள்ளே செல்லுமாறு குத்திவைப்பர். உட்புறம் குடைந்து செல்வோனுக்குக் குச்சியின் முனை தென்பட்டதும், சுவர் போதிய அளவுக்கு வந்துவிட்டது என்பது புலனாகும். அவ்விடத்தில் நிறுத்திக் கொள்வான். குச்சி இல்லையேல், ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் போன சுவர் எந்நேரத்திலும் இடிந்து விழலாம்.

நான்காவது வாயிலும் படுக்கையும். வாயில் காற்று வீசும் திசைக்கு நேராக இராமல், தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிதாக, இயன்றவரை தாழ்வாக அமையவேண்டும். உறங்கும் மேடையோ வாயிலினும் உயரமாக இருக்கவேண்டும். குளிர்ந்த காற்று கனமுடையது. அது பள்ளத்தை நாடி இறங்கி வாயில் வழியே வெளியேறும். உடலினாலும் விளக்கினாலும் சூடேறிய காற்று மேலெழுந்து மேடையைச் சூழ்ந்து நிற்கும். கதவில்லா அவ்வீட்டிலே காற்றின் கனமே கதவாகின்றது. கூரையின் உட்புறத்தை வளைவாக வழித்து மழமழப்பாக்குதலும் அவசியம். மேடு பள்ளமிருந்தால் உருகும் நீர் அவ்விடங்களிலிருந்து சொட்டிப் படுக்கையை நனைக்கும். மழமழப்பான வளைவிலோ அது சுவர் வழியே வழிந்து மீண்டும் உறையும்.

ஐந்தாவது, எல்லாவற்றுள்ளும் தலையாயது, மூச்சுத்துளை. கூரையில் ஒரு கைமுட்டி அளவிலே துளை இட்டே தீரவேண்டும். அத்துளையில் ஒரு கோலை நிறுத்தி, இரவில் விழிக்கும்போதெல்லாம் அசைத்து, பெய்யும் பனி அதனை அடைத்துவிடாமற் காப்பது வழக்கம். சூடு போய்விடும் என்று எண்ணித் துளையை அடைப்பவன் தன் உயிரையே அடைக்கின்றான். உள்ளே அடுப்பு மூட்டுவதை இயன்றவரை தவிர்க்கவேண்டும். எரிபொருள் குறையாக எரியும்போது தோன்றும் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனை மூச்சிழுத்தவன் தலைநோவும் மயக்கமும் உற்று, உறக்கம் வருகின்றதென எண்ணிக் கண் மூடுகின்றான்.

குடையும்போது ஒருவர் உள்ளே இருந்தால் மற்றொருவர் சவளோடு வெளியே காத்து நிற்பது தவறா விதி. குவியல் இடிந்தால் உடனே தோண்டி எடுக்க ஓர் ஆள் வேண்டும். உறங்கச் செல்லும்போது சவளையும் உள்ளே கொண்டு செல்லவேண்டும். இரவிற் புயல் வாயிலை மூடினால் உள்ளிருந்தே வழி வெட்டுவதற்கு அது உதவும். பனிவீட்டுச் சுவர் ஒலியையும் தடுப்பது. உள்ளே கூவுவது வெளியே கேளாது. ஆதலால், வீடு இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளமாக ஓர் உயர்ந்த கோலை வெளியே நாட்டுவர்.

குளிரிலே மனிதனுக்குப் பெரும் பகையாவது ஈரம். பனி குடைவோன் விரைவில் வியர்த்துவிடுவான். மேலிருந்து கொட்டும் பனி கழுத்து வழியே உட்புகுந்து உருகும். நனைந்த உடை சூட்டைக் காக்கும் ஆற்றலை இழந்துவிடும். எனவே, முறைவைத்து மெதுவாகவே குடைவர். உறங்குமுன் உலர்ந்த உடையை அணிவர். அடுத்த பகை தரை. உடலின் எடையால் உறக்கப்பையின் அடிப்பகுதி நசுங்கி அதிலுள்ள காற்று போய்விடுகின்றது. ஆகையால், மேலே எத்தனை போர்வை இருப்பினும், கீழே தடித்த விரிப்பு இல்லையேல் உறக்கம் வாராது. பழைய நாளில் இதற்குக் கலைமான் தோலையும் ஊசியிலைக் கொம்புகளையும் பரப்பினர்.

சுற்றிலும் பனி இருந்தும் தாகம் தீர வழியின்றி வருந்துவது மற்றொரு விந்தை. பனியை அப்படியே உண்பது உடலின் வெப்பத்தைச் செலவிடுவதாகும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய அந்நீரைச் சுடுகஞ்சியின் சூட்டுக்குக் கொண்டுவரவும் ஏறக்குறைய அவ்வளவே போதும். இதனாலேயே குளிர்காலப் பாசறையில் எரிபொருளின் பெரும்பங்கு பனியை உருக்குவதற்கே செலவாகின்றது.

இத்தகைய வீடு விளையாட்டுப் பொருளாக இராமல், உயிருக்கு ஒரே அரணாக அமைந்த வரலாறும் உண்டு. கப்பித்தான் ஸ்கொட் 1910 இல் நடத்திச் சென்ற அந்தாட்டிக்கப் பயணத்திலே, வடபிரிவு எனப்பட்ட அறுவர் குழு ஒன்று இருந்தது. விக்டர் கம்பெல் அதன் தலைவர். மருத்துவர் மறே லெவிக்கும் நிலவியல் அறிஞர் றேமண்ட் பிறீஸ்ற்லியும் அவருக்குத் துணை. அபட், பிறவுனிங், டிக்கசன் என்போர் கடற்படையைச் சேர்ந்த மாலுமிகள். 1912 சனவரியில் தெரா நோவா என்னும் கப்பல் இவர்களை ஒரு கரையிலே இறக்கி, பெப்ரவரியில் வந்து ஏற்றிச் செல்வதாகச் சென்றது. சில வார ஆய்வுக்குரிய உணவும் கோடைகால உடையுமே அவர்களிடம் இருந்தன. கடற்பனி வழியை மறித்தமையாற் கப்பல் வரவில்லை. அந்தாட்டிக்கக் குளிர்காலம் அவர்கள்மேற் கவிந்தது.

புயற்காற்று ஓயாது வீசிய அத்தீவுக்குச் சொல்லொணாத் தீவு என்னும் பொருள்பட அவர்கள் பெயரிட்டனர். கூடாரத் துணி அக்காற்றைத் தாங்காது என்பதைக் கண்டு, இறுகிய பனிக்குவியல் ஒன்றைக் கோடரியாலும் சவளாலும் குடைந்து குகை அமைத்தனர். அது சுமார் 12 அடி நீளமும் 9 அடி அகலமும் உடையது; உயரம் ஐந்தரை அடியே ஆனதால் நெடியவர் நிமிர்ந்து நிற்க இயலவில்லை. தரையிலே கூழாங்கல்லையும் உலர்ந்த கடற்பாசியையும் பரப்பினர். குகை முற்றுப் பெறுமுன்னரே, மார்ச்சு மாதப் புயலொன்று ஒரு கூடாரத்தைச் சிதைத்தது. அதிலிருந்த மூவரும் எழுந்து நடக்கமாட்டாது தவழ்ந்தே குகையை அடைந்தனர். அன்றிரவு ஓர் உறக்கப்பைக்கு இருவராக அறுவரும் நெருங்கிப் படுத்தனர்.

அக்குகையில் அவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். கடல்நாய் இறைச்சியும் பென்குயின் இறைச்சியும் உணவு. கொழுப்பெண்ணெயே விளக்குக்கும் அடுப்புக்கும் எரிபொருள். அதன் கரும்புகை முகத்தையும் உடையையும் உணவையும் கறுக்கச் செய்தது. உணவு குன்றியிருந்த வேளையில், பிடிபட்ட கடல்நாய் ஒன்றின் வயிற்றிலே 36 மீன்கள் இருந்தன. அன்று அவர்களுக்குப் பெருவிருந்து. எஞ்சிய சிறு பண்டங்களைப் பிறீஸ்ற்லி கணக்கிட்டுப் பங்கிட்டார். ஞாயிறுதோறும் ஆளுக்கு 12 சீனிக்கட்டியும், மாத இறுதியில் 25 உலர்ந்த திராட்சையும் கிடைத்தன. அத்திராட்சையை எதிர்நோக்கியே ஒரு மாதம் கழிந்தது.

ஒருமுறை புயல் குகையின் வழிகளைப் பனியால் அடைத்துவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. அடுப்பு எரிய மறுத்தது. ஒட்சிசன் குறைந்துவிட்டதை விளக்கே அறிவித்தது. உடனே வழியைத் தோண்டித் திறந்தமையால் உயிர் தப்பினர். மூச்சுத்துளையைக் காப்பது எத்துணை முதன்மையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சுவர் உடலைக் காத்தது. மனத்தைக் காத்தது அவர்களது ஒழுங்கு. கம்பெல் குகைத் தரையின் நடுவே ஒரு கோடு கீறினார். ஒருபுறம் அதிகாரிகளின் தளம். மறுபுறம் மாலுமிகளின் தளம். ஒருபுறத்திற் பேசுவதை மறுபுறத்தார் கேளாதவர்போல் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கைநீட்டினால் தொடக்கூடிய இடைவெளியில் இருந்தும், மனக்குறையை வாய்விட்டுச் சொல்லும் உரிமையை இக்கோடு இரு சாராருக்கும் அளித்தது. வீண் சண்டை மூளாமைக்கு அது பெரிதும் உதவியது. இரவுதோறும் லெவிக் ஒரு நூலை உரக்கப் படிப்பார். சார்ள்ஸ் டிக்கின்சின் டேவிட் கொப்பர்ஃபீல்டு என்னும் நாவல் நாளுக்கோர் அத்தியாயமாக அங்கே படிக்கப்பட்டது. ஞாயிறுகளிற் பாசுரம் பாடினர்.

அவர்கள் குகையிற் குடிபுகுந்த அந்த மார்ச்சு மாதத்தின் இறுதியிலேயே, தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்கொட்டும் எஞ்சிய தோழர் இருவரும் நெடுந்தொலைவில் ஒரு கூடாரத்துள் உயிர்நீத்தனர். குகைவாசிகள் அதனை அறியார். 1912 செப்டெம்பர் 30 இல் அறுவரும் குகையை விட்டுப் புறப்பட்டனர். வயிற்றுப்போக்கால் மெலிந்த பிறவுனிங்கைக் காத்து அழைத்துக்கொண்டு, ஏறத்தாழ 200 மைல் கடந்து, நவம்பர் 7 இல் எவன்ஸ் முனைத் தலைமைக் குடிலை அடைந்தனர். அப்பயணத்தின் இறுதியிலேதான் ஸ்கொட்டின் குழு திரும்பவில்லை என்னும் செய்தி அவர்களுக்கு எட்டியது. வடபிரிவின் அறுவரில் ஒருவரேனும் மாண்டிலர்.

இக்குகையிலிருந்து மீண்ட மருத்துவர் லெவிக், பின்னாளிலே துன்ப நினைவோடு ஒதுங்கிவிடவில்லை. 1932 இல், பள்ளி மாணவர்களை மனிதர் நடமாட்டமற்ற நாடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றும் சங்கம் ஒன்றை நிறுவி, அவ்வாண்டிலேயே ஒரு குழுவினரைப் பின்லாந்துக்கு அழைத்துச் சென்றார். இயற்கையின் கடுமையை இளமையிலே நண்பரோடு சேர்ந்து எதிர்கொள்ளப் பழகியவன் பிற்காலத்தில் எந்நெருக்கடிக்கும் கலங்கான் என்பது அம்முயற்சியின் உட்கருத்து.

நோர்வே நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கமும் நடைப்பயணச் சங்கமும் மலைக்குச் செல்வோர்க்கென வகுத்துப் பரப்பிவரும் விதிகள் ஒன்பதாகும். வழியிலே நிலைமை மாறினாற் காலந்தாழ்த்தாது திரும்பவேண்டும், அதில் நாணத்துக்கு இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. வலிமை முற்றும் தீருமுன்னரே நின்று, வேண்டுமாயிற் பனிக்குள்ளே புகலிடம் தேடவேண்டும் என்பது மற்றொன்று. களைத்து விழுந்தபின் எவனாலும் பனியைக் குடைய முடியாது. கையிலே வலு உள்ளபோதே அந்த முடிவை எடுக்கவேண்டும்.

ஆகவே, விடுமுறை நாளொன்றிலே சிரித்துப் பேசிப் பனிக்குவியலைக் குடையும் நண்பர் குழு, வெறும் பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ளது என்று எண்ணுதற்கில்லை. குவியல் இறுகும்வரை காத்திருக்கவும், குச்சிமுனை கண்ட இடத்திற் கையை நிறுத்தவும், வெளியே நிற்பவனை நம்பி உள்ளே நுழையவும், உள்ளே சென்றவனை நினைந்து வெளியே விழித்திருக்கவும் அவர்கள் கற்கின்றனர். இளவேனில் வந்ததும் அவ்வீடு உருகி ஆற்றோடு போய்விடும். கற்ற பழக்கமோ மற்றொரு குளிர்காலத்திலே, புயல் சூழ்ந்த ஒரு மலைச்சரிவிலே, ஓர் உயிரைக் காத்து நிற்கும்.